பாரிஸ் சப்பாத்தும் மறுகரை அண்ணையும்

லண்டனில் பெயர்போன ஓர் இடத்தையும் பார்க்காமல், லண்டன் முழுவதையும் பார்த்து முடித்த ஒரே மனிதர் மறுகரை அண்ணைதான்.

பிள்ளைகளே, அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நாங்கள் இருந்த ஈஸ்ட் ஹாமில் ஒருவருக்கும் தெரியாது. கடைகளுக்கு மரக்கறி இறக்கும் ஒரு வெள்ளை வான் வைத்திருந்தார். பெரிய மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காட்டுங்கோ என்று யாராவது கேட்டால், "அதைத்தானே பிஸ்கற் பெட்டியிலை கீறி வச்சிருக்கிறாங்கள். பிறகென்னத்துக்கு அங்கை போறியள்? வாங்கோ, மறுகரைக்குப் போவம்" என்பார். தேம்ஸ் ஆற்றின் எந்தக் கரையில் நின்றாலும், பார்க்கவேண்டியது மற்றக் கரையில்தான் இருக்கும். அங்கே போய்ச் சேர்ந்தால் இந்தக் கரையில் இருக்கும்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்குத் தகுதி இல்லை. எங்களுக்குத் தெரிந்த லண்டன் என்ன? வேலை, கோயில், ஹீத்ரோ. விருந்தாளி வந்தால்தான் நாங்களும் ஊர் பார்ப்போம். உண்மையில் பார்ப்பதும் இல்லை, படம்தான் எடுப்போம். அதை வட்சப்பில் போட்டுவிட்டு, எந்தெந்தச் சொந்தக்காரர் பார்த்தும் பாராதமாதிரி இருக்கிறார்கள் என்று கவனிப்பதோடு அந்தச் சுற்றுலா முடியும்.

உங்களில் மூத்தவள் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தாள். அம்மாவுக்கு லண்டனில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அக்கா, அதாவது உங்கள் பெரியம்மா, பாரிசில். அக்கா குடும்பம் லண்டனுக்கு வந்துவிட்டால் போதும் என்று அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கற்பூரம் கொளுத்தினாள். பெரியம்மா அரை மனதோடு சரி என்றுவிட்டார். பெரியப்பாதான் மசியவில்லை. "லண்டனிலை அப்பிடி என்ன கிடக்கு? வந்து பாத்துப்போட்டுச் சொல்லுறன்" என்றார்.

பெரியப்பா என் சகலன். முந்தின கோடையில் நாங்கள் பாரிஸ் போனபோது, ஈபிள் கோபுரத்தைத் தானே நின்று ஆணி இறுக்கியவர் மாதிரிச் சுற்றிக் காட்டியவர். அவருக்கு ஈடு கொடுக்க எனக்கு ஒரு சனிக்கிழமைதான் கிடைத்தது. திறந்து மூடும் பெரிய பாலத்தைக் காட்டி மயக்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அன்று காலை என் கார் உயிரை விட்டது. ரயிலில் போவோம் என்று நான் வாய் திறக்குமுன், செய்தி கேட்ட மறுகரை அண்ணை வானோடு வாசலில் நின்றார்.

"பாலம்தானே தம்பி? வழியிலை ரெண்டு இடம் காட்டிப்போட்டுக் கொண்டுபோய் விடுறன்."

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "இஞ்சேருங்கோ, இவரோடையோ? அத்தான் பின்னேரமே பாரிசுக்கு ஓடிப்போயிடுவார்!"

"பாலம் காட்டுறன் எண்டு சொல்லுறார்."

"அவர் பாலத்துக்குக் கீழை இருக்கிற சேத்தைத்தான் காட்டுவார்."

சொன்னாலும், மத்தியானச் சாப்பாட்டைக் கட்டித் தந்தாள். பெரியப்பாவும் பெரியம்மாவும் வானின் முன்னால் ஏறினார்கள். பின் ஆசனத்தில் நானும் ஒரு முருங்கைக்காய்ப் பெட்டியும்.

முதலில் ஒரு வெளிச்சவீடு. பழைய துறைமுகப் பக்கத்தில், ஒரு மூலையில், கூச்சப்பட்டு நிற்கும் வெளிச்சவீடு. பெரியப்பா அண்ணாந்து பார்க்க ஆயத்தமானார். அவ்வளவு அண்ணாந்து பார்க்கத் தேவைப்படவில்லை.

"கப்பலைக் காணேல்லை?"

"இது கப்பலுக்குக் கட்டினதில்லை. மற்ற வெளிச்சவீட்டு விளக்குகளைச் சோதிச்சுப் பாக்கக் கட்டினது."

"எங்கட ஈபிளிலை எவ்வளவு லைற் தெரியுமோ?"

"அப்ப கப்பல் ஒண்டும் வந்து மோதேல்லையோ?" என்று அண்ணை உண்மையான கவலையோடு கேட்டார்.

அடுத்தது வூல்விச் படகு. ஆற்றின் அந்தப் பக்கத்துக்கு இலவசமாகக் கொண்டுபோய் விடுவார்கள். வானை இந்தக் கரையில் விட்டுவிட்டு ஏறினோம். பெரியப்பாவின் முகம் கறுத்தது. "ரிக்கற் இல்லாட்டி அது பாக்கிற இடமில்லைத் தம்பி" என்று என் காதில் சொன்னார். திரும்பி வரும்போது படகு இல்லை, ஆற்றுக்கு அடியால் சுரங்கத்தில் நடை. சுவர் முழுக்க வெள்ளை ஓடு.

"குளிக்கிற அறை மாதிரிக் கிடக்கு" என்றார் பெரியப்பா.

"ஓம். தண்ணி மட்டும் மேலை நிக்குது" என்றார் அண்ணை.

பெரியப்பா அதன்பின் மிக வேகமாக நடந்தார்.

பசி வந்த நேரம் வாப்பிங் போய்ச் சேர்ந்தோம். இரண்டு பழைய சரக்குக் கிட்டங்கிகளுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய ஒழுங்கை. ஒழுங்கை முடியக் கல்படி. படி இறங்கினால் ஆறு வற்றிக் கூழாங்கல்லும் மணலுமாக ஒரு குட்டிக் கடற்கரை. தூரத்தில் அந்தப் பெரிய பாலம், சுண்டுவிரல் அளவில்.

"நீர் சொன்ன பாலம் அதுதானோ?" என்று பெரியப்பா என்னைப் பார்த்தார். எனக்குப் புட்டுப் பார்சலைப் பிரிப்பது பாதுகாப்பாகத் தெரிந்தது.

அண்ணை பாய் விரித்தார். நாங்கள் செருப்பைப் படியில் கழற்றினோம். பெரியப்பாவின் சப்பாத்து பாரிசில் வாங்கிய தோல் சப்பாத்து. படியில் பாசி என்று அங்கே வைக்க மறுத்தார். பாய்க்குப் பக்கத்திலும் வைக்க மறுத்தார். "சாப்பாட்டுக்குக் கிட்டச் சப்பாத்து வைக்கிறதோ? என்ன பழக்கம் இது?" கடைசியில், தண்ணீர் ஓரமாக நல்ல துப்புரவான தட்டைக்கல் ஒன்றைக் கண்டு, கோயில் வாசலில் வைப்பதுபோல் சோடியாக வைத்துவிட்டு வந்தார்.

இந்த ஆற்றில் கடல்தண்ணீர் ஏறி இறங்கும் என்பது அண்ணைக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் ஏறுமுன் சாப்பிட்டு எழும்பலாம் என்று கணக்குப் போட்டுத்தான் கூட்டி வந்தார். ஆறு நேரம் தவறவில்லை. நாங்கள்தான் தமிழர். புட்டு, இறால் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், இன்னும் கொஞ்சம் இறால், காலமாகிப்போன ஒரு மாமாவின் காணிச் சண்டை, அதற்குமேல் மோர். மாமாவின் வேலி வழக்கு நடக்கும்போது பாயின் ஓரம் நனைந்தது.

"என்ர சப்பாத்து!"

ஒன்றை அண்ணை பாய்ந்து பிடித்தார். மற்றது எழும்பி, தலையை ஆட்டி, போகவேண்டிய இடம் தெரிந்ததுபோல் மேற்கே புறப்பட்டது. ஏறுகிற தண்ணீர் அல்லவா, நேராகப் பெரிய பாலத்தை நோக்கி. பெரியப்பா பார்க்க வந்த பாலத்தை அவருடைய இடதுகால் சப்பாத்துத்தான் பார்க்கப் போனது.

பெரியம்மா சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. "இந்த மனிசனை வெறுங்காலோடை நான் கடைசியாக் கண்டது நல்லூர்த் தேர்த் திருவிழாவிலை!"

"நீங்கள் ரெயினிலை போங்கோ. நான் அதைப் பிடிச்சுக்கொண்டு வாறன்" என்று சொல்லி, அண்ணை படியேறி ஓடினார்.

ரயில் ஏறினோம். அம்மாவிடம் என்ன சொல்வது என்ற ஒன்றே என் தலைக்குள் ஓடியது. ஈஸ்ட் ஹாமில் இறங்கி ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தோம். பெரியப்பாவுக்கு முழங்கால்வரை மடித்த காற்சட்டை, வெறுங்கால், கையில் ஒற்றைச் சப்பாத்து இருந்த பை, கடும் மௌனம்.

"அண்ணை, கோயில் நேர்த்திக்கடனோ?" என்று முன்னால் வந்தவர் பணிவாகக் கேட்டு வழி விட்டார். சேலைக்கடை வாசலில் நின்ற ஒரு வயதான பெண் கைகூப்பினார். நகைக்கடைக்காரர் மரியாதைக்குக் குடையை மடக்கினார். பெரியப்பா ஒருவரையும் திருத்தவில்லை. வரவர அவருடைய நடையில் ஒரு பக்தி ஏறியது. பலசரக்குக் கடைக்காரர் ஓடிவந்து ஒரு சோடி றப்பர்ச் செருப்பைக் கையில் வைத்தார். "காசு வேண்டாம் அண்ணை. நேர்த்தி முடியப் போடுங்கோ."

வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்து, காலை நீட்டி, பெரியப்பா சொன்னார்: "பாரிசிலை நான் வெறுங்காலோடை போனா ஒருத்தரும் ஏனெண்டு கேளாங்கள். இஞ்சத்தைச் சனம் கேக்குது." பிறகு தேத்தண்ணீரை ஊதிக்கொண்டே, "இஞ்ச வாடகை என்ன மாதிரிப் போகுது?" என்றார்.

சமையலறையில் அம்மாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. பெரியம்மா போய் எடுத்துக் கொடுத்தார். இருவரும் அங்கிருந்து வெகுநேரம் வெளியே வரவில்லை.

பொழுது சாயும் நேரம் அண்ணை வந்தார். கை வெறுமை. என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"பாலத்தடிவரை துரத்திக்கொண்டு போனனான் தம்பி. பிறகு தண்ணி திரும்பினா அதுவும் திரும்பும் எண்டு அங்கையே காத்து நிண்டனான். அந்தச் சனத்துக்குள்ளை! ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

வாழ்நாள் முழுக்க விலகி நின்ற இடத்தில், முன்பின் தெரியாத ஒருவரின் ஒற்றைச் சப்பாத்துக்காக, உல்லாசப் பயணிகளோடு இடிபட்டு நின்றிருக்கிறார். கைபேசியை எடுத்து நீட்டினார். "சப்பாத்து வரேல்லை. அவர் பாக்க வந்த பாலத்தின்ர படத்தையாவது குடு."

பெரியம்மா வீட்டு ஹோலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற அந்த மங்கல் படம் என்ன என்று போன கிழமை கேட்டீர்கள். பாதியில் தெரிவது பாலம். மறுபாதியை மறைத்துக்கொண்டு நிற்கும் பெருவிரல், எங்கள் மறுகரை அண்ணையுடையது.