ஃபியூஸ் அண்ணன் வாங்கிய கரண்ட் கம்பெனி

உலகத்திலேயே மின்சாரத்துக்குப் பயந்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் ஃபியூஸ் அண்ணன். மற்றவர்கள் எல்லாரும் ஏதோ கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பவர்கள், அவ்வளவுதான்.

உறுவையாறு என்ற ஊரில் அவர் வீட்டு மாடியில் நாங்கள் பல வருஷம் குடியிருந்தோம். வில்லியனூரில் அவருக்குச் செருப்புக் கடை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தே தீரவேண்டும், ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வானத்தில் ஒரு கருமேகம் தலை காட்டினால் போதும், மீட்டர் பெட்டிக்கு ஓடி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அந்த மேகம் கடலூர் தாண்டிப் போய்விட்டது என்று அவருக்குத் தோன்றிய பிறகுதான் கட்டை பெட்டிக்குத் திரும்பும்.

பிடுங்குவதே ஒரு திருவிழா. மரப்பலகை போட்டு அதன்மேல் ஏறுவார். கையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் பை. கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, "யம்மா தாயே!" என்று ஒரு சத்தம். வீடு இருண்டுவிடும். மாடியில் என் மனைவியின் கிரைண்டர் பாதி மாவோடு நின்றுவிடும்.

"அண்ணே! உளுந்து இப்பதாண்ணே போட்டேன்!"

"உளுந்து போனா வேற உளுந்து போட்டுக்கலாம்மா. ஆளு போனா இன்னாத்தப் போடுவ?"

ரப்பர் செருப்பை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. கடைக்கு ஒரு ஜோடி, வீட்டுக்கு ஒரு ஜோடி, குளிக்க ஒரு ஜோடி, படுக்க ஒரு ஜோடி. ஃபிரிட்ஜைத் துண்டு சுற்றித்தான் திறப்பார். கோயில் திருவிழாவில் தெருவிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். "உள்ள பூரா சீரியல் லைட்டு. வெறுங்காலோட போவச் சொல்றான். சாமிக்கு என் நெலம தெரியும்பா" என்பார்.

நானும் மற்றவர்களைப் போல வயிறு வலிக்கச் சிரித்தவன்தான். ஒருநாள் அவராகவே சொன்னார். கூடப் பிறந்த தம்பி ஒருவன் இருந்தானாம். மழை விட்ட மறுநாள் காலையில் கரும்புக் கொல்லைக்குப் போனவன், தண்ணீருக்குள் அறுந்து கிடந்த கம்பியை மிதித்துவிட்டான். "தண்ணி சும்மா தண்ணி மாதிரிதான் இருந்துச்சு தம்பி" என்றார். அதற்குப் பிறகு ஃபியூஸ் கட்டையை அவர் பிடுங்கும்போது என் மனைவி மட்டும்தான் கத்துவாள். நான் கத்துவதில்லை.

இப்படிப்பட்டவர் ஒருநாள் சாயங்காலம் மாடியேறி வந்து, செருப்போடு என் நாற்காலியில் உட்கார்ந்து, "தம்பி, எனக்குக் கரண்ட் கம்பெனி ஷேர் வாங்கிக் குடு" என்றார்.

நான் பாகூரில் ஒரு சொசைட்டியில் வேலை பார்ப்பவன். போனிலேயே ஏதோ கொஞ்சம் ஷேர் வாங்கி விற்றுக்கொண்டு, அதைப் பற்றித் தெருவில் அளந்துகொண்டும் இருந்தேன். அது இவர் காதில் விழுந்திருக்கிறது.

"அண்ணே, நீங்க சுவிட்சு போடவே பயப்படுறவரு. செருப்புக் கம்பெனி ஷேர் வாங்கலாமே?"

"செருப்பு என்னை இன்னா பண்ணப் போவுது? யோசிச்சுப் பாரு. தெருநாய் யார வேணாலும் கடிக்கும். வூட்டு நாய் வூட்டுக்காரன கடிக்குமா?"

"கடிக்காது."

"அதான். நான் ஓனர் ஆயிடறேன்."

முதலீட்டுக்கு இப்படி ஒரு காரணம் சொன்னவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கணக்குத் திறந்து, சோலார் கம்பெனி ஒன்று, காற்றாலைக் கம்பெனி ஒன்று, ஊர் ஊராகப் பெரிய கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்று என்று வாங்கிக் கொடுத்தேன். அண்ணனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அன்றைக்கு மீட்டர் பெட்டியைத் தாண்டிப் போகும்போது அதை ஒரு பார்வை பார்த்தார், வேலைக்காரனை முதலாளி பார்ப்பது போல.

நிமிர்ந்த நெஞ்சு மறுநாளே குனிந்துவிட்டது. அதுவரை அவருக்கு இடிமழைக்கு மட்டும்தான் பயம். இப்போது எல்லா வானத்துக்கும் பயம் வந்துவிட்டது. மேகம் மூடினால் சோலார் கம்பெனி போச்சு. இலை அசையாமல் நின்றால் காற்றாலை போச்சு. காற்று பலமாக அடித்தால் கம்பி போச்சு. வெயிலும் காற்றும் அளவாக இருக்கிற நாளில், "இது இப்டியே இருக்காது தம்பி" என்று அதற்கும் ஒரு பயம்.

சொசைட்டியில் இருக்கும்போது போன் வரும்.

"தம்பி, இங்க இருட்டிக்கினு வருது. சோலார வித்துடலாமா?"

"அண்ணே, உங்க சோலார் ராஜஸ்தான்ல இருக்குது. உறுவையாத்துல இருட்டினா அதுக்கு இன்னா?"

"அப்ப ராஜஸ்தான்ல எப்டி இருக்குதுன்னு பாரு" என்பார். அன்றிலிருந்து ராஜஸ்தான் வெயிலையும் கன்னியாகுமரிப் பக்கத்துக் காற்றையும் போனில் பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறப்பார். செருப்பு வாங்க வந்தவர்களிடம் அளவு கேட்பதற்கு முன்னால், "ராஜஸ்தான்ல மணல் காத்தாம்" என்று பெருமூச்சு விடுவார். வாங்க வந்தவர்கள் பயந்து ஒரு நம்பர் பெரிதாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதில் லாபம் அடைந்தவள் என் மனைவி. மேகம் வந்து அண்ணன் பலகையை எடுத்தால் மாடியிலிருந்து குரல் கொடுப்பாள். "அண்ணே, நீங்களே ஃபியூஸப் புடுங்கினா எப்டிண்ணே? கிரைண்டர் ஓடுனாத்தான உங்க கம்பெனிக்கு வருமானம்?" அண்ணன் கண்ணை மூடி, கையை நீட்டி, பயந்தவனுக்கும் முதலாளிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அப்படியே நிற்பார். அவர் முடிவெடுப்பதற்குள் மாவு ஆட்டி முடிந்திருக்கும்.

பிறகு ஒரு சமயம் கரண்ட் ஷேர்கள் சரிந்தன. டிவியில் கோட் போட்டவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நான் என்னிடம் இருந்ததை எல்லாம் விற்றுவிட்டு அண்ணனிடம் ஓடினேன்.

"வித்துடுங்கண்ணே. இன்னும் விழும்."

அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் மாட்டேன் என்று தலையாட்டினார். "வித்துட்டா அப்புறம் அது யார் வூட்டு நாய்? தெருநாய் ஆயிடும்ல?"

நான் பயந்து விற்றேன். அவர் பயந்து விற்காமல் இருந்தார். ஷேர் பழையபடி ஏறியபோது என்னிடம் ஒன்றும் இல்லை. அவருக்கு டிவிடெண்ட் வந்தது. அன்றைக்கு எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு ஜோடி ரப்பர் செருப்பு கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தக் கார்த்திகையில் ஒரு சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்தது. என் மகள் அபி டியூஷன் முடிந்து வில்லியனூரிலிருந்து சைக்கிளில் வரவேண்டும். நான் மாடிப்படியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கேட்டில் அண்ணன். ஃபியூஸ் கட்டை வழக்கம்போல அவர் பையில்.

படார் என்று ஒரு சத்தம். கம்பத்திலிருந்து கம்பி அறுந்து, தெருவில் முழங்கால் உயரத்துக்கு நின்ற தண்ணீரில் விழுந்தது. தெருவிளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. லைனில் இன்னும் கரண்ட் இருக்கிறது. பையில் இருக்கும் கட்டையால் இந்தக் கம்பியை ஒன்றும் செய்ய முடியாது. நான் இறங்கி ஓடினேன். அண்ணன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"எறங்காத! தண்ணில கால வெக்காத!"

அப்போதுதான் தெருமுனையில் அபி திரும்பினாள். தலையை மூடி ரெயின்கோட். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருவதென்றால் அவளுக்குக் கொண்டாட்டம். வேகமாக மிதித்தாள். நான் கத்தினேன். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் குனிந்த தலை நிமிராமல் தண்ணீரை நோக்கி வந்துகொண்டே இருந்தாள்.

என் காதருகில் ஏதோ பறந்துபோனது. அண்ணனின் செருப்பு. அது தண்ணீரில் விழுந்தது. அடுத்தது குறி தப்பவில்லை, அபியின் தோளில் சொத்தென்று அடித்தது. அவள் பிரேக் போட்டுக் கோபத்தோடு நிமிர்ந்தாள். தண்ணீரின் ஓரத்தில் முன்சக்கரம் நின்றது.

"அப்பா! பெரியப்பா என்னைச் செருப்பாலயே அடிக்கிறாரு!" என்று அழுதாள்.

"அடிப்பேன்! பின்னால போ! இன்னும் பின்னால போடி!" என்று அண்ணன் அலறினார். அவள் போனாள். உடனே போனை எடுத்தார். "கரண்ட் ஆபீசா? நான் ஷேர்ஹோல்டர் பேசறேன்! உறுவையாத்துல கம்பி அறுந்து தண்ணில கெடக்குது! லைன நிறுத்துங்க!"

அவருடைய மூன்று கம்பெனிக்கும் எங்கள் தெருக் கம்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எதிர்முனையில் யாரும் எந்த ஷேர் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருவிளக்கு அணைந்தது. ஆட்கள் வந்து கம்பியை எடுத்த பிறகு அபி அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள். அவளைக் கட்டிக்கொண்ட என் மனைவி நெடுநேரம் விடவே இல்லை.

அண்ணன் மட்டும் கேட்டிலேயே நின்றிருந்தார். பிறகு மெதுவாகக் குனிந்து பார்த்தார்.

"தம்பி… என் கால்ல செருப்பு இல்லடா."

அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் மாடிக்கு ஓடி, டிவிடெண்டில் அவர் கொடுத்த என் செருப்பைக் கொண்டுவந்து மாட்டிவிட்டேன். வாய் சும்மா இருக்காமல், "ஓனர்தான அண்ணே நீங்க, உங்கள அது இன்னா பண்ணிடும்?" என்றேன்.

"போடா. நான் ஓனருன்னு கரண்டுக்குத் தெரியுமா?"

"அப்புறம் எதுக்கு ஷேரு?"

"பயந்தவன் எதையாவது புடிச்சுக்கணும்ல" என்றார்.

இப்போது நாங்கள் மூலக்குளத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். அபி சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். போன வாரம் வில்லியனூர் போனபோது அண்ணன் கடையில் நுழைந்தேன். முகம் தொங்கிப்போய்ப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேலத்துல இடி மழையாம் தம்பி."

"சேலத்துல உங்களுக்கு இன்னா கம்பெனிண்ணே இருக்குது?"

"கம்பெனி இன்னாத்துக்கு? நம்ம அபி இருக்குதே" என்றார்.

வெளியே வந்து அபிக்குப் போன் போட்டேன். செருப்பு போட்டிருக்கிறாளா என்று கேட்டேன். "போட்டிருக்கேம்ப்பா. காலைலேர்ந்து பெரியப்பா கேட்டுக்கினே இருக்காரு" என்றாள்.

திரும்பிக் கடைக்குள் போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேலத்தில் மழை விடுகிற வரைக்கும் இரண்டு பேருமாகப் பயந்துகொண்டிருந்தோம்.