ஜோரியின் முடிச்சு

துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவைத் திறந்து ஜோரி பாஸ்கோ கயிற்றை வெளியே இழுத்தான். உள்ளே போட்டது சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்று இழை சேர்ந்த கயிறு. வெளியே வந்தது முழுக்க ஒரே ரோஸ் நிறம். அது போகட்டும். நடுவில் இருந்த முடிச்சு தூங்கி எழுந்தவளின் கொண்டை மாதிரி தொளதொளவென்று தொங்கியது.

மணி காலை எட்டு. பகல் பன்னிரண்டுக்கு அந்தக் கயிற்றோடு, ஊருக்கு மேலே மேட்டில் நட்டிருக்கும் பழைய கல்லுக்கு முன்னால் நின்றாக வேண்டும்.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் எங்களைப்போல் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்களுக்குக் கல்யாணம் என்றால் கைக்கட்டுதான். பாதிரியார் கிடையாது, கூரை கிடையாது, மழை உண்டு. கல்லுக்கு முன்னால் இரண்டு பேரும் கைகோத்து நிற்க, மேலே கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு குலையாமல் கையை மட்டும் உருவிக்கொள்ள வேண்டும். அந்த முடிச்சு ஒரு வருஷமும் ஒரு நாளும் வீட்டில் பத்திரமாக இருக்கும். அதற்கப்புறம் மனசு ஒத்துப்போனால் அதே கல்லில் அதே கயிற்றைக் கையில் சுற்றி ஆயுசுக்கும் சேர்ந்திருக்கலாம், இல்லையென்றால் முடிச்சை அவிழ்த்துவிட்டு அவரவர் வழி. ஜோரிக்கும் கெரென்சாவுக்கும் இன்றோடு கெடு முடிகிறது.

ஐம்பத்துமூன்று வயது மனுஷன். முதல் மனைவி போனபிறகு பதினோரு வருஷம் தினமும் ஒரு தட்டு, ஒரு கோப்பை மட்டும் கழுவினவன். கெரென்சா வந்தபிறகுதான் சாப்பிடும்போது ரேடியோவை அணைத்து வைக்கக் கற்றுக்கொண்டான். ஆறு வாரமாக ரேடியோ திரும்பவும் பாடுகிறது. ட்ரூரோவில் அக்காவுக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது என்று கெரென்சா துணைக்குப் போயிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவளே போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை மதியம் கல்லுகிட்ட வந்துடு. லொவென்னாகிட்ட சொல்லிட்டேன். கயிறை மறக்காம எடுத்துட்டு வா."

"மறப்பேனா? நீ ஒழுங்கா சாப்பிடுறியா?"

"நல்லா இருக்கேன் ஜோரி. கயிறு முக்கியம்."

சடங்கு நடத்துகிற லொவென்னாவிடம் அவளே நாள் சொல்லிவிட்டாள் என்றதும் இவனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டை மூன்று தடவை கூட்டினான். அவள் வருஷம் முழுக்கச் சொல்லி அலுத்துப்போன குளியலறைக் கொண்டியைக்கூடச் சரிபண்ணினான். இன்று காலையில் பெட்டியைத் திறந்தால், கயிறெல்லாம் பூசணம். பூசணம் பூத்த கயிற்றையா அவளிடம் நீட்டுவது என்றுதான் துவைக்கப் போட்டான்.

அடுத்த வீட்டு ஹெட்ரா பின்கதவு வழியாக வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா அது, செத்த எலியா?"

"கைக்கட்டுக் கயிறுக்கா. சொட்டச் சொட்ட நனைஞ்சு கிடக்கு."

"அடுப்புக்குள்ள வை. சூட்டைக் குறைச்சு பத்தே நிமிஷம். எங்க வீட்டு சாக்ஸெல்லாம் அப்படித்தான் காயும்."

"சாக்ஸை ரொட்டி சுடுற அடுப்புலயா?"

"அதான் எங்க வீட்டுக்கு யாரும் விருந்துக்கு வர்றதில்ல. வை, சொல்றேன்."

அடுப்பில் கெரென்சாவுக்குப் பிடித்த குங்குமப்பூ பன் வெந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழ்த்தட்டில் கயிற்றைப் பரப்பி வைத்தான். ஹெட்ரா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"கெரென்சாவோட அக்காவை நேத்து ட்ரூரோ சந்தையில பார்த்தேன். நாயோட ஓடிக்கிட்டிருந்தா."

"கால் முறிஞ்சவளா?"

"ரெண்டு காலும் நல்லாத்தான் ஓடுச்சு."

"அதுக்குள்ள கூடிடுச்சா? பரவாயில்லையே, நல்ல எலும்பு. அப்ப கெரென்சா இன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம்."

ஹெட்ரா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தீய்ந்த நாற்றம் வந்துவிட்டது.

பன் கருகவில்லை. கயிறுதான் ஒரு பக்கம் கருகியிருந்தது. ஜோரி பதறிப்போய், முடிச்சாவது இறுகட்டும் என்று இரண்டு முனையையும் பிடித்து இழுத்தான். கருகின இழை பட்டென்று அறுந்தது. முடிச்சில் பாதி பிரிந்து கையோடு வந்தது.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை.

"முடிச்சு தானா கழண்டா என்ன அர்த்தம்னு தெரியுமாக்கா?"

"தெரியும்ப்பா."

"அவ இல்லாம என்னால இருக்க முடியாதுக்கா. இந்த ஆறு வாரமே போதும்டா சாமின்னு ஆயிடுச்சு."

ஹெட்ரா அவன் தலையில் கையை வைத்தாள். "துறைமுகத்துக்குப் போ. டென்ஸில்கிட்ட காட்டு. கயிறுன்னா அவன்தான்" என்று மட்டும் சொன்னாள்.

டென்ஸில் வலை பின்னுகிறவன். சிறுவயதிலிருந்தே ஜோரிக்குக் கூட்டாளி. கயிற்றை வாங்கி மோந்து பார்த்தான்.

"என்னடா, பன் வாசனை வருது?"

"கேள்வி கேக்காத. முடிச்சு நிக்கணும். அவ்வளவுதான்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஆயுசுக்கும்டா."

டென்ஸில் அதற்குமேல் கேலி பண்ணவில்லை. ஆரஞ்சு நிற நைலான் நூலை உள்ளே விட்டுப் பின்னினான். ஒரு முனையைக் காலால் மிதித்து, மறுமுனையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். கடைசியாகப் படகுக்குப் பூசுகிற தாரில் முடிச்சை ஒரு முக்கு முக்கி எடுத்தான். ரோஸ், ஆரஞ்சு, கறுப்பு என்று முஷ்டி அளவுக்கு ஒரு முடிச்சு வந்து சேர்ந்தது.

"ஜனவரிப் புயல்ல படகுதான் உடைஞ்சுது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்துச்சு."

"கத்தி வச்சாக்கூட?"

"கத்திதான் மழுங்கும். போடா, போய்ச் சந்தோஷமா இரு."

ஓக் இலைக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, பன் கூடையும் கயிறுமாக ஜோரி மேட்டில் மூச்சிரைக்க ஏறியபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கல்லுக்குப் பக்கத்தில் லொவென்னா நின்றிருந்தாள். அவள் புருஷன் கிளெம் மேளத்தைக் கழுத்தில் மாட்டியிருந்தான். கொஞ்சம் தள்ளிக் கெரென்சா, பூ எதுவும் வைக்காமல், பழைய பழுப்புக் கோட்டோடு நின்றாள். கீழே சாலையில் அவள் அக்கா கார் என்ஜினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தாள். குளிருக்குத்தான் பூ வைக்கவில்லை போலிருக்கிறது என்று ஜோரி நினைத்தான்.

கெரென்சா அவன் கிரீடத்தைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்து இவன் கூடையை முன்னால் நீட்டினான்.

"கன்னத்துல தார் ஒட்டியிருக்கு ஜோரி" என்று சொல்லித் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

"பன் காலையிலதான் சுட்டேன். குளியலறைக் கொண்டியைச் சரிபண்ணிட்டேன்."

"ம்."

"கயிறு பார்க்கக் கொஞ்சம் அசிங்கமா இருக்கும், கோச்சுக்காத. ஆனா முடிச்சைப் பாரு. காலையில தானா கழண்டுக்கப் பார்த்துச்சு, விடுவேனா? இனிமே எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

கெரென்சா கையால் வாயைப் பொத்திக்கொண்டு கடல் பக்கம் திரும்பினாள்.

லொவென்னா கயிற்றை வாங்கினாள். முடிச்சை இப்படியும் அப்படியும் திருப்பினாள். நகத்தால் கிளறிப் பார்த்தாள். பிறகு கிளெம்மிடம் நீட்டினாள். அவன் மேளத்தை இறக்கி வைத்துவிட்டு, பல்லால் ஒருதரம் கடித்துப் பார்த்துத் தாரைத் துப்பினான்.

"என்னப்பா ஜோரி, இப்படி இறுக்கிக் கொண்டுவந்திருக்க? நீங்க ரெண்டு பேரும் இதை அவிழ்க்கிறதுக்குத்தானே கெரென்சா எங்களை வரச் சொன்னா."