ஃப்ரிட்ஜுக்கு அண்டை கொடுத்த பலகை

கூச்சக்காரிகளுக்கு வீட்டைக் கழுவுவதுதான் பேச்சு. விருந்தாளி வருகிறார் என்றால் நானும் வாய் திறக்கமாட்டேன், தரையைத் தேய்த்தே கொன்றுவிடுவேன்.

பெரியவளைப் பெண் பார்க்க ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். ஊரெல்லாம் பஜ்ஜி, கேசரி வைப்பார்கள். எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எல்லாம் எங்கள் கேஸ் ஃப்ரிட்ஜ் கொடுத்த தைரியம். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடி, துரை பங்களாவைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் வாங்கி வந்தது. மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. அடியில் நீலமாகக் கொஞ்சம் நெருப்பு எரியும், உள்ளே ஐஸ் கட்டும்.

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். ஆனாலும் இதை யாருக்கும் விளக்குவேன். சூடு பட்டதும் தண்ணீரில் கலந்திருக்கிற அம்மோனியா ஆவியாகி மேலே போகும். அங்கே ஆறி, திரவமாகி இறங்கும். உள்ளே வந்து மறுபடி ஆவியாகும்போது பாலின் சூட்டை இழுத்துக்கொள்ளும். கடைசியில் தண்ணீர் அதைத் திரும்பக் குடித்துவிடும். (இதெல்லாம் பிற்பாடு கற்றது. அன்றைக்கு, நெருப்பு எரிந்தால் போதும் என்று இருந்தேன்.)

முதல் நாள் சாயங்காலம் தரை கழுவும்போது பார்க்கிறேன், ஃப்ரிட்ஜ் காலடியில் இரண்டு அழுக்குப் பலகைத் துண்டு துருத்திக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டால் மானம் போகும். உருவி அடுப்பில் போட்டேன். ஃப்ரிட்ஜ் சற்றே சாய்ந்தது. மேலே பூப்போட்ட துணி போர்த்தினேன், லட்சணமாகிவிட்டது.

மறுநாள் அவர்கள் வந்து உட்கார்ந்ததும் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தேன். ஐஸ்கிரீம் பாயசமாகத் தளும்பியது. நெருப்பு மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா பண்ணே?"

"ஒண்ணும் இல்லீங்க, தொடைச்சேன்."

"பலகை எங்கே?"

"அடுப்புல."

"அடிப்பாவி. கீழே சுரங்கத்துல பாறை வெடிச்சு வெடிச்சு நம்ம தரையே ஒரு பக்கம் இறங்கிக் கெடக்குது. டம்ளர்ல தண்ணி வெச்சுப் பார்த்து நேரா நிறுத்தியிருந்தேன். பம்பு இல்லாத பெட்டி, நேரா நின்னாத்தானே எல்லாம் தானா வழிஞ்சு ஓடும்?"

சொன்ன சொல் தவறியவள் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? உருகியதை டம்ளர்களில் ஊற்றி, நானே கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

"தரை சாய்ஞ்சிருக்குதுங்க. அதனால ஐஸ்கிரீமைக் குடிக்கணும்" என்றேன். (விளக்கம் அவ்வளவுதான் வந்தது.)

மாப்பிள்ளையின் அம்மா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "எங்க வீட்டுத் தரையும் அப்படித்தாங்க. எங்க வீட்டுக்காரர் கட்டிலோட சேர்ந்து என் பக்கமே நகர்ந்து வர்றார். உங்க பொண்ணுக்குப் புதுசா இருக்காது, அனுப்பி வைங்க" என்றார்.

இன்றைக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போனால் எல்லாருக்கும் கிண்ணத்தில் கட்டி ஐஸ்கிரீம். எனக்கு மட்டும் உருக்கி டம்ளரில் வருகிறது. பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்கும். நானும் குடித்துவிடுகிறேன். கிண்ணம் கேட்க இன்னும் கூச்சம்தான்.