வெற்றிலை போட்ட சிக்னல்

போக்குவரத்தை வெற்றிலையால் அளந்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். பழவேற்காட்டுக்குப் போகும் வழியில், ஒரு குறுகலான பாலத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் பாலத்து நைனா. அவருக்கோ எல்லோரும் நைனா. லாரி டிரைவர் நைனா, கண்டக்டர் நைனா, நடுப்பாலத்தில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்த எருமையும் நைனாதான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது பிழைப்புக்காக. சென்னை வடக்குப் பக்கமாக வீங்கிக்கொண்டே வந்து, பழவேற்காட்டையும் தன் போக்குவரத்துத் திட்டத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்ட நேரம் அது. திட்டம் தீட்டும் கம்பெனியில் நான் கடைசிப் படி. கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் ஒரு அட்டை. யார், எங்கே, எதற்காக, எந்த வண்டியில் போகிறார்கள் என்று கேட்டுப் பதிய வேண்டும். ஓடுகிற வண்டியிடம் கேள்வி கேட்க முடியாது. வண்டிகள் நின்றே தீரும் இடம் அந்த வட்டாரத்தில் ஒன்றுதான் இருந்தது. அதனால் நானும் பாலத்துக்கு வந்தேன்.

பாலத்தை அகலப்படுத்துகிறேன் என்று ஒரு பாதியை உடைத்துப் போட்டுவிட்டு, காண்டிராக்டர் வேறு எங்கோ வேலை பார்க்கப் போய்விட்டார். மிச்சமிருந்த பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போகலாம். ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்தே நுழையும். நடுவில் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். யாரும் பின்வாங்க மாட்டார்கள். பின்வாங்குவது என்பது நம் சாலைகளில் குடும்ப கௌரவம் சம்பந்தப்பட்ட விஷயம். முழங்கால் மக்கர் செய்ததால் மீன்பிடிக்க ஏரிக்குப் போவதை நிறுத்தியிருந்த நைனா, ஒருநாள் காலையில் படகு தள்ளும் மூங்கில் கழியோடு வந்து அதைச் சாலைக்குக் குறுக்கே நீட்டினார். அவரை யாரும் நியமிக்கவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

சீருடை என்று ஒன்று இருந்தது: ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். உச்சி வெயிலிலும் கழற்ற மாட்டார்.

"ஏரிக்குப் போகும்போதும் இதைத்தான் போட்டுக்குவீங்களா?" என்று கேட்டேன்.

"ஒருநாளும் இல்ல. தண்ணில எனக்கு நீந்தத் தெரியும் நைனா. ரோட்டுல தெரியாதே."

அவருடைய சட்டம் ஏரியிலிருந்து வந்தது. இறால் நன்றாக விழும் இடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வலை போட முடியாது. அதனால் அங்கே குப்பங்களில் சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்று உன் பாடு, நாளைக்கு என் பாடு. அடுத்தவன் முறையில் வலை இறக்கினால் அப்புறம் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. நைனா இதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பாலத்தில் வைத்துவிட்டார். விடிந்ததும் முதலில் வரும் டிரைவர் ஒரு கொட்டாங்குச்சிக்குள் கைவிட்டுக் கிளிஞ்சல் எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஊர்ப் பக்கத்துக்கு முதல் பாடு. கறுப்பு வந்தால் சென்னைப் பக்கத்துக்கு. அதன் பிறகு மாறி மாறி.

ஒரு பாடு எவ்வளவு நேரம்? அங்கேதான் வில்லங்கம். நைனா ஒரு வெற்றிலையைப் போட்டு, மென்று, துப்பி முடிக்கும் நேரம். அவருக்குப் பல்வலி வந்த அன்று போக்குவரத்து பறந்தது. நல்ல கொழுந்து வெற்றிலை கிடைத்த அன்று வரிசை திருப்பாலைவனம் வரைக்கும் நின்றதாகச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏரி பார்க்க வரும் கார்க்காரர்கள் முதலில் ஹாரன் அடித்தார்கள், பிறகு சண்டை போட்டார்கள், கடைசியில் கண்ணாடியை இறக்கி, "ஐயா, இன்னும் துப்பலையா?" என்று பணிவாக விசாரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அவரையும் கணக்கெடுப்பில் சேர்க்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

"தினமும் எங்கே போறீங்க நைனா?"

"எங்கியும் போவல. எல்லாரும் என்னாண்ட வர்றாங்கோ."

டேப்லெட்டில் அதற்குக் கட்டம் இல்லை. 'இதர' என்பதைத் தட்டினேன். பிறகு ஏனோ மனசு கேட்காமல் அதை அழித்துவிட்டேன்.

நைனாவின் சட்டத்தால் அதிகம் அவதிப்பட்டவள் அவருடைய மருமகள் எல்லம்மா. கரையில் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டுக் கூடையில் கட்டி, காலை பஸ்ஸில் ஏறி நேராகத் திருவொற்றியூர் போய்த் தெருத்தெருவாக விற்பாள். அவளைப் போல ஒரு பஸ் நிறையப் பெண்கள். பஸ் பாலத்தில் நின்றால் போதும், ஜன்னல் வழியாக அவள் தலை வெளியே வந்துவிடும்.

"மாமா! உன் மருமவ பஸ்ல கீறேன்! மீனு நாறிப்போவுது!"

"நீ கீற சரி. உன் பாடு எங்க கீது? குந்து."

இந்த பஸ்ஸுக்குத்தான் ஆபத்து வந்தது. எங்கள் கம்பெனியின் வரைவுத் திட்டம் அதைப் பொன்னேரியோடு நிறுத்தச் சொன்னது. அங்கிருந்து மின்சார ரயிலில் மாறிப் போகலாமாம். படத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. பச்சைக் கோடு முடியும் இடத்தில் ஒரு சின்ன வட்டம், அதிலிருந்து நீலக் கோடு. அந்தச் சின்ன வட்டத்துக்குள் எல்லம்மா கூடையை இறக்கி, ஐஸ் தண்ணீர் முதுகில் ஒழுக ஸ்டேஷன் படி ஏறி, இறங்கி, ரயிலில் இடம் பிடிக்க வேண்டும். ஒரு ரயில் தவறினால் அன்றைய மீன் கருவாடுதான். பெண்கள் கொதித்துப்போனார்கள். கருத்துக் கேட்பதற்குப் பெரிய அதிகாரி ஒருவரே வருவதாக ஏற்பாடாயிற்று. இடம், புயல் பாதுகாப்புக் கட்டடம். பஸ் கிளம்புவதற்கு முன்னால் கூட்டம் முடிந்துவிட வேண்டும் என்பது பெண்களின் ஒரே நிபந்தனை.

அன்று கட்டடம் நிறைந்திருந்தது. அதிகாரியை மட்டும் காணோம். எனக்குச் சட்டென்று பாலம் நினைவுக்கு வந்தது. கிடைத்த பைக்கில் தொற்றிக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன். நினைத்தது சரியாக இருந்தது. எதிர்ப் பக்கத்தில் அரசாங்கக் கார். அதன் மூக்குக்கு நேராக மூங்கில் கழி. ஊர்ப் பக்கத்திலிருந்து ஐஸ் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன. நைனா நிதானமாக மென்றுகொண்டிருந்தார்.

"நைனா! இவர்தான் பஸ் அதிகாரி! எல்லம்மா பஸ் இவர் கையிலதான் இருக்கு!"

"தெரியும். கார் டிரைவர் நைனா சொன்னாரு."

"அப்புறம் ஏன் நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"இவரு பாடு இல்லியே. இன்னிக்கு இவர வுட்டா, நாளிக்கு இன்னொரு பெரிய மனுசர வுடணும். அப்பால எல்லம்மா பஸ் எப்பதான் போவும்?"

எனக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம்போல இருந்தது. சொந்த மருமகளின் பிழைப்பு ஒரு வெற்றிலையில் தொங்குகிறது, மனிதர் முறை பேசுகிறார். அதற்குள் ஊர்ப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. பொறுத்துப் பார்த்த பெண்கள் கூட்டத்தைக் கைகழுவிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்கள். அதிகாரி காலியான கட்டடத்தைப் பார்ப்பார், மக்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதுவார், கதை முடிந்தது.

பஸ் நடுப்பாலத்துக்கு வந்தது. எதிரே நிற்கும் காரை எல்லம்மா பார்த்துவிட்டாள். "நிறுத்துய்யா வண்டிய!" என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் அப்படியே பிரேக் அடித்தார். பெண்கள் கூடையும் கையுமாக இறங்கினார்கள். எல்லம்மா நேராகப் போய்த் தன் கூடையைக் காரின் பானெட்டில் வைத்தாள்.

"சார், எறங்குங்க. இத்த ஒருவாட்டி தூக்கிப் பாருங்க. அப்பால ரயில்ல போன்னு சொல்லுங்க, போறோம்."

அதிகாரி நல்ல மனிதர். அல்லது பயந்த மனிதர். இறங்கித் தூக்கினார். கூடை பாதி எழும்பியது. அதிலிருந்த தண்ணீர் முழுவதும் அவருடைய பேன்ட்டில் இறங்கியது.

இப்போது பதறியவர் நைனா. அவர் ஆட்சியில் முதல்முறையாக இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. "இன்னா அக்கிரமம் இது! யாரு பாட்டுல யாரு நிக்கிறது!" என்று கழியோடு குதித்தார். யாரும் காதில் வாங்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். வாயில் இருந்ததைத் துப்பினார். புது வெற்றிலை ஒன்றை எடுத்தார்.

"சரி. இது கூட்டத்தோட பாடு. பேசிக்கங்கோ."

பேசினார்கள். ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். அதிகாரி கூடையை இறக்கி வைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். "உங்க கோரிக்கையை நாங்க பரிசீலிச்சு…" என்று ஆரம்பித்தபோது நைனா ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார். "முடிஞ்சி போச்சு. நவுருங்கோ." கூட்டம் அத்துடன் கலைந்தது. அதிகாரியின் அந்த வாக்கியம் கடைசிவரை முடியவில்லை.

இறுதித் திட்டம் வந்தபோது பச்சைக் கோடு திருவொற்றியூர் வரைக்கும் போயிருந்தது. கூடை வைக்கப் பஸ்ஸின் பின்பக்கத்தில் இடம் விட வேண்டும் என்று ஒரு வரியும் இருந்தது. அதைச் செய்தது கூடையா, ஈரப் பேன்ட்டா, நைனாவின் பிடிவாதமா என்று எனக்குத் தெரியாது. நைனா வழிவிட்டிருந்தால் கூட்டம் கட்டடத்திலேயே மரியாதையாக நடந்திருக்கும். மரியாதையான கூட்டங்களில் யாரும் கூடையைத் தூக்குவதில்லை.

இப்போது பாலம் அகலமாகிவிட்டது. யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. நைனா பஸ் ஸ்டாண்டுக்கு இடம் மாறி, ஷேர் ஆட்டோக்களுக்குப் பாடு பிரித்துப் பேஜார் செய்வதாகக் கேள்வி. நான் சென்னையில் எத்தனையோ சிக்னல்களில் நிற்கிறேன். சாலையை இன்னும் அகலமாக்குவது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இப்போது யாருடைய முறை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்ட ஒரே மனிதர் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளைச் சொல்ல வேண்டும். அப்போது பாலம் இன்னும் பாதிதான். கணக்கெடுப்பை எளாவூர் பக்கம் மாற்றியிருந்தார்கள். பெட்டியோடு அதே காலை பஸ்ஸில் எல்லம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சென்னைப் பக்கத்துப் பாடு முடியும் நேரம். கடைசி வண்டியும் கடந்துவிட்டது. நைனா துப்பினால் நாங்கள் போகலாம். அவர் கழியை ஊன்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"எளாவூர்ல பாலம் கீதா நைனா?"

"தெரியல நைனா."

"இருந்தா சொல்லி அனுப்பு."

சரி என்றேன். அவர் போகவில்லை. வாயில் இருந்ததைத் துப்பவும் இல்லை. மடியிலிருந்து இன்னொரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, மெதுவாகச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார். எதிரே பாலம் காலியாகக் கிடந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். அதிகாரிக்கும் மருமகளுக்கும் அசையாத சட்டம் என் கண்ணெதிரே வளைந்துகொண்டிருந்தது.

"மாமா…" என்று எழுந்த எல்லம்மா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். "வுடு. இன்னிக்கு ஐஸ் நெறியவே போட்டுக்கீறேன்."

அந்த வெற்றிலை சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று, நானும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.