மைத்துனர் கட்டிய காற்றுப் புகாத வீடு

அடையாறு,
ஆஸ்பத்திரி வராந்தா.

மகா ராஜ ராஜ ஸ்ரீ மைத்துனர் செம்பியன் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் அக்காள் புருஷன் கதிரேசன் எழுதிக்கொள்வது. திருச்சியில் நீங்களும் உங்கள் மனைவி சாருலதாவும் காய்ந்த துணி உடுத்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதுவதுதான் முறை. கை வரவில்லை. போனில் பேசியிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். கத்தினால் நர்ஸம்மா வெளியே அனுப்பிவிடுவார். அதனால்தான் கடிதம்.

போன கோடைக்கு முன்னால் அபிராமபுரம் வீட்டு ஹாலில் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தீர்கள். "மாமா, இது வீடா, அடுப்பா? என்கிட்ட விடுங்க. வெயில் உள்ள வராது, புயலடிச்சா ஒரு சொட்டுத் தண்ணி வராது, கரண்ட் பில்லப் பார்த்து நீங்களே சிரிப்பீங்க" என்றீர்கள். நுரையீரல் கெட்டுப்போய், நாளெல்லாம் ஆக்சிஜன் மெஷினோடு கிடக்கும் உங்கள் அக்காள் ஜோதி மே மாத வெக்கையில் படும் பாட்டைப் பார்த்திருந்த எனக்கு அது தெய்வ வாக்காகத்தான் கேட்டது. சரி என்றேன். சுவருக்கு வெளியே இன்னொரு சுவர் எழுப்பினீர்கள். மேற்கு வெயில் வருகிறதென்று கொல்லைக் கதவையே செங்கல் வைத்து அடைத்தீர்கள். கம்பி போட்ட ஜன்னல்களைப் பிடுங்கிவிட்டு, திறக்கவே திறக்காத இரட்டைக் கண்ணாடி வைத்து, வெயில் திரும்பிப் போகும்படி அதில் கறுப்பு ஃபிலிம் ஒட்டினீர்கள். வாசலுக்கு ரப்பர் விளிம்பு வைத்த இரும்புக் கதவு. மாடியில் சோலார், அதன் பேட்டரி மட்டும் சூடு ஆகாத இடமென்று வெளியே மாடிப்படிக்கு அடியில், தரையில். பொய் சொல்லமாட்டேன், மே மாதம் ஹால் குளுகுளுவென்றுதான் இருந்தது.

புயல் வருகிறது என்றார்கள். தெருவே பதறியது, நான் பதறவில்லை. கதவைச் சாத்தி ரப்பரை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். விடிந்தபோது தெருவில் முட்டியளவு தண்ணீர். வாசல் கதவு வழியாக, நீங்கள் சொன்னபடியே, ஒரு சொட்டு வரவில்லை. அத்தனையும் குளியலறைச் சாக்கடை ஓட்டை வழியாக வந்தது. ஊரில் உள்ள கழிவெல்லாம் நம் வீட்டைத் தேடி வந்ததுபோல, கறுப்பாக, குமிழ் விட்டுக்கொண்டு. ரோடு மேல ரோடு போட்டு நம்ம வீடு பள்ளத்தில் இருப்பது உனக்குத் தெரியாதா? அந்த ஓட்டைக்கு ஒரு மூடி போடணும்னு உனக்குத் தோணலியே, செம்பியா! தெருவில் கரண்டும் போன் சிக்னலும் ஏற்கெனவே போயிருந்தன. பேட்டரி முழுகியதும் மெஷினும் நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டினேன். அவளைத் தூக்கிச் சாப்பாட்டு மேஜைமேல் உட்காரவைத்தேன். இடுப்பளவு தண்ணீர் ஏறியதும் நம்முடைய பெரிய ஃபிரிட்ஜ் மெல்ல எழுந்து, மிதந்து போய், வாசல் நடையில் குறுக்கே சாய்ந்து படுத்துக்கொண்டது. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. எத்தனை இழுத்தும் அசையவில்லை.

கத்தினோம். சத்தம் வெளியே போகாத வீடு என்று நீங்கள்தானே பெருமைப்பட்டீர்கள்; அதிலும் குறை சொல்ல முடியாது. மாடியில் குடியிருக்கும் நஸ்ருன்னிசா இறங்கி வந்து ஜன்னலருகே நின்றாள். நான் இந்தப் பக்கம் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைகிறேன். வெளியே கொட்டுகிற மழையில் அவளுக்கு எது கேட்கும்? கறுப்புக் கண்ணாடியில் தன் முகம்தான் தெரிந்திருக்கிறது. நனைந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போய்விட்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அந்த ஒரு நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

சிலிண்டர் முள் கீழே கீழே போனது. ஜோதியின் உதடு நீலம் பூத்தது. அந்த நிலையிலும் யோசித்தது அவள்தான். "டார்ச்சை... கண்ணாடில ஒட்டி வச்சு... அடிங்க" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சுக்கு அலைந்தாள். அடித்தேன், அணைத்தேன், அடித்தேன். எங்களுக்கு டீ எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கிய நஸ்ருன்னிசா அதைப் பார்த்துவிட்டு அலறியிருக்கிறாள். அவள் புருஷன் கலீமுல்லா கடப்பாரையோடு வந்தார். "இன்னா சார் இது, கண்ணாடியா கருங்கல்லா!" என்று அவர் கத்தியது முதல் கண்ணாடி உடைந்த பிறகுதான் எனக்குக் கேட்டது. இரண்டாவதும் உடைந்தபோது கடப்பாரையோடு அவர் கையும் உள்ளே வந்தது. ரத்தம் தண்ணீரில் கொட்டுகிறது, மனுஷன் பார்க்கவேயில்லை. "ஆபாவைத் தூக்குங்க சார், அப்பால பாத்துக்கலாம்" என்றார்; ஜோதியை அக்கா முறை வைத்து ஆபா என்றுதான் கூப்பிடுவார். ஜன்னல் வழியே இறக்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து மெயின் ரோடு வரை தூக்கிப் போனோம்.

சிந்தாதிரிப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். நரம்பு அறுந்ததில் இரண்டு விரல் மடங்கவில்லை. இனி கண்ணாடிச் சட்டத்தின் பொடித் திருகாணி பிடிக்க வராது என்கிறார்கள். நஸ்ருன்னிசா தினமும் வீட்டில் அவருக்குக் கட்டு மாற்றிவிட்டு, இங்கே ஜோதிக்குக் கஞ்சி கொண்டுவருகிறாள். "ரெண்டாவது வாட்டி வந்தப்பதான் பாத்தேன் அண்ணே, முதல் வாட்டியே பாத்திருக்கணும்" என்று என்னிடம் அழுகிறாள். அவள் எதற்கு அழ வேண்டும்?

கிளம்பி வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தீர்கள். வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்க்கும் சக்தி எனக்கில்லை. இனி அந்த வீட்டில் நானும் கால் வைக்கப் போவதில்லை, நம் உறவும் இந்தக் காகிதத்தோடு சரி. நீங்களும் சாருலதாவும், இனி நீங்கள் கட்டப்போகும் வீடுகளும் பல்லாண்டு உலர்ந்திருக்க வாழ்த்தும்,

கதிரேசன்.

பி.கு.: உறையில் போடுமுன் டாக்டர் கூப்பிட்டார். உள்ளே போன அழுக்குத் தண்ணீரோ என்னவோ, நெஞ்சில் சளி கட்டிக்கொண்டதாம், மருந்து கேட்கவில்லையாம். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். ஜோதி மாஸ்க்கை நகர்த்திவிட்டு, "தம்பி சாப்டானான்னு கேளுங்க, அவனைத் திட்டாதீங்க" என்றாள். இதைத் தபாலில் போடவில்லை, போட்டோ எடுத்துப் போனில் அனுப்புகிறேன். மேலே எழுதியதைப் படிக்காதே. கிடைக்கிற பஸ்ஸில் ஏறி வா, செம்பியா. எனக்குத் தனியாக இங்கே உட்கார முடியவில்லை.