பதினெட்டாவது மாடியில் குணவதி

ஒரு காட்டில், கோயில் கோபுரத்தைவிட உயரமாக யாரும் எதையும் கட்டுவதில்லை. எவ்வளவு தூரம் இரை தேடப் போனாலும் கலசம் கண்ணில் பட்டால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அங்கே குணவதி என்று ஒரு காக்கை இருந்தாள். பிள்ளைகள் வளர்ந்து வேறு காடுகளில் வேலைக்குப் போய்விட்டார்கள். தினமும் வேப்பங்கிளையில் நின்று கலசத்தைக் கும்பிட்ட பிறகுதான் அவளுக்குக் காபி. அதுவரை பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டாள்.

வேப்பமரத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் கரடி இடம் வாங்கி அடுக்குமாடி எழுப்பியது. மாடி ஏற ஏற கோபுரம் மறைந்தது. ஒருநாள் கலசமும் போயிற்று. அன்று காபி இல்லை. வெயில் ஏறுவதற்குள் தலைவலி வந்துவிட்டது. நேராகக் கரடியிடம் போனாள்.

"சாமியையே மறைச்சுட்டீங்களே, நியாயமா அண்ணே?"

"உங்களுக்கு என்னம்மா, இறக்கை இருக்கு. பறந்து போய்ப் பார்த்துட்டு வாங்க."

"வெறும் வயித்துல பறந்தா எனக்கு மயக்கம் வரும்."

"அப்போ காபி குடிச்சுட்டுப் பறங்க."

"கும்பிடாம எப்படிக் குடிக்கிறது?"

கரடி தலையைச் சொறிந்தது. "பதினெட்டாவது மாடியில ஒரு வீடு இருக்கு. படுத்துக்கிட்டே கலசத்தைப் பார்க்கலாம்."

குணவதி கோபமாகத்தான் திரும்பினாள். தோழி பட்டு அணிலோடு மரத்துக்கு மரம் போய் எதிர்ப்புக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்தாள். கூட்டத்துக்கு முதல் நாள் மகன் போன் செய்தான். "அம்மா, நீ சொன்ன அந்தப் பதினெட்டாவது மாடி வீட்டை உனக்கே வாங்கிட்டேன்." சாமியே கூப்பிடும்போது வர மாட்டேன் என்பது அகம்பாவம் என்று அவளுக்குப் பட்டது. குடிபோய்விட்டாள். கூட்டத்துக்கு முறுக்கு மட்டும் கொடுத்தனுப்பினாள்.

முதல் நாள் ஜன்னல் வழியே கண் குளிரக் கும்பிட்டுவிட்டு, காபி தம்ளரோடு மறுபக்கத்துப் பால்கனிக்கு வந்தாள். கீழே பட்டுவும் முயல்களும் அவளை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பதறிப்போய்ப் பட்டுவுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, என்னைப் போய்க் கும்பிடறீங்க?"

"பழகின திசை அக்கா. நடுவுல நீங்க நைட்டியோட வந்து நின்னா நாங்க என்ன செய்யறது?"

குணவதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று முழுக்க ஸ்தோத்திரம் சொன்னாள்.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்தாள். அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து உடுத்திக்கொண்டாள். தம்ளரை உள்ளேயே வைத்துவிட்டுப் பால்கனிக்கு வந்து, கீழே நின்றவர்களைப் பார்த்து வலது இறக்கையை மெல்லத் தூக்கினாள்.

நீதி: கோபுரத்தை மறைப்பது பாவம்தான். குளித்துவிட்டு, நல்ல புடவையில் நின்று மறைத்தால் அவ்வளவு பாவமில்லை.