கலியாணசுந்தரத்தின் குடியரசு தினப் பேச்சு

"வந்து உட்காரு அரசி, நேரமாயிக்கினு இருக்குது" என்றார் கலியாணசுந்தரம், தறிக்குழிக்குள் காலை விட்டபடி.

"கூலியில எனக்குச் சரிபாதின்னு சொல்லுங்க, உட்கார்றேன்" என்றாள் மனைவி மங்கையர்க்கரசி.

இந்த வினையை மனுஷர் ஒலிபெருக்கி வைத்தல்லவா வரவழைத்துக்கொண்டார்! முந்தின நாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் வருஷக் குடியரசு தினம். நெசவாளர் சங்கத்தில் கொடியேற்றியதும், குமாஸ்தா கோதண்டபாணி நீட்டிய தாளை மூச்சுவிடாமல் வாசித்துத் தள்ளினார். "ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம கூலி என்று நம் அரசியல் சட்டம் சொல்கிறது." கைதட்டல் பிரமாதம். தெருக்கோடி வரை கேட்டும் தொலைத்தது.

தறியில் இருந்ததோ கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்கான நூலைச் சுமந்து ஓடும் நாடாவை எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ள இன்னொரு ஆள் இல்லாமல் வேலை நகராது. பதினாறு வருஷமாக அந்த ஆள் மங்கையர்க்கரசிதான். வெள்ளிக்கிழமை கூரம் கிராமத்தில், சேலைக்குச் சொல்லியிருந்தவர்கள் வீட்டில் கல்யாணம். வியாழனுக்குள் சேலை போய்ச் சேராவிட்டால் சங்கத்தில் அடுத்த சேலைக்குப் பாவு நூல் தரமாட்டார்கள்.

வக்கீல் வீட்டுக்கு ஓடிய கலியாணசுந்தரம் தெம்பாகத் திரும்பி வந்தார்.

"அது சும்மா வழிகாட்டு நெறியாம். சர்க்காரு முயற்சி பண்ணணும், அவ்ளோதான். பண்ணலைன்னு எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது."

"அப்படியா? சரி. நான் கரை போடறதும் இனிமே வழிகாட்டு நெறிதான். முயற்சி பண்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் மைத்துனன் துரைக்கண்ணுவை அழைத்து வந்து உட்கார வைத்தார். அவன் இழுத்த இழுப்பில் கரை கோணிக்கொண்டு போயிற்று. ஒரு சாண் பிரிக்க வேண்டியதாயிற்று.

மங்கையர்க்கரசி எட்டிப் பார்த்தாள். "உனக்குக் கூலி எவ்ளோடா தம்பி?"

"பாதி பேசியிருக்குதுக்கா."

அவ்வளவுதான், அன்று வீட்டில் அடுப்பும் வழிகாட்டு நெறியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கலியாணசுந்தரம் தனியாகவே முயன்றார். இந்தப் பக்கம் ஒரு நாடா, குழியிலிருந்து ஏறி, சுற்றிப் போய், அந்தப் பக்கம் ஒரு நாடா. மத்தியானத்துக்குள் நெய்தது நாலு விரற்கடை. முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன.

"சேலையில பாதி என் கை" என்றாள் அவள், எண்ணெய் தேய்த்துவிட்டபடியே. "சங்கத்துல என் பேரு எங்கனா இருக்குதா? ஆத்திரமா வருது எனக்கு."

அவருக்கு உள்ளுக்குள் வெட்கமாகக்கூட இருந்தது. நொண்டிக்கொண்டே சங்கத்துக்குப் போய், மனைவியையும் உறுப்பினராகச் சேர்க்கச் சொன்னார். கூலியைச் சரிபாதியாகப் பிரித்து எழுதவும் சொன்னார். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்பா கோதண்டபாணி, பேச்சுல எழுத வேற விஷயமே கிடைக்கலையா உனக்கு? என் குடும்பத்தையே கவுத்துட்டியேபா."

கோதண்டபாணி மையை ஒற்றிக்கொண்டே நிமிர்ந்தார்.

"எனக்கு எங்கபா சட்டமெல்லாம் தெரியும்? உன் சம்சாரம் எழுதிக்கினு வந்து குடுத்துச்சு, நான் பார்த்து எழுதினேன். உன்னையே பேசக் கூப்பிடச் சொன்னதும் அந்தம்மாதான்."